கையை விட்டு இறங்காத காகிதங்கள்

1937ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி முதல், ஜார்ஜியா மாநிலத்து டன்னவே நகரில் எந்தக் காகிதமும் அதைப் பிடித்திருந்தவர் கையை விட்டு இறங்க மறுத்தது. முதலில் மாட்டிக்கொண்டவர் பாப்டிஸ்ட் சபைப் போதகர் விட்லோ என்பது பொதுவான நம்பிக்கை. அவர் சபைப் பெண் ஒருத்தியிடம் ஜெபக்கூட்டத் தாள் ஒன்றை நீட்டினார். அவள் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். தாள் கிழியவும் இல்லை, நழுவவும் இல்லை. போதகர்தான் இரண்டடி முன்னால் வந்தார். மதியத்துக்குள் பள்ளி ஆசிரியை முப்பத்தெட்டுப் பரீட்சைத் தாள்களோடு வகுப்பின் நடுவே நின்றாள். தபால்காரர் கடிதங்களை விசிறி போலப் பிடித்தபடி வீடு வீடாகப் போய், அவரவர் கடிதத்தை அவரவர் முகத்துக்கு நேரே காட்டிப் படிக்கச் சொன்னார். டாக்டர் தன் மருந்துச் சீட்டோடு தானே மருந்துக் கடைக்கு நடந்தார். டாலர் நோட்டுகள் மட்டும் வழக்கம் போலக் கைமாறின. அவற்றில் வாஷிங்டன் அதிகாரி ஒருவரின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஊரை விட்டு வெளியே போனாலும் பயனில்லை. விதை வியாபாரி ஒருவர் டன்னவேயில் எடுத்த விலைப்பட்டியலை அட்லாண்டா வரை கையோடு கொண்டுபோய், அதைப் பிடித்தபடியே உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

அதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, வெர்லா டிட்வெல் சிறைக்குப் போயிருந்தாள். நாற்பத்தொரு வயது; கல்யாணமானவள் என்றாலும் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு 'மிஸ் வெர்லா'தான். நூற்பாலையின் ஸ்பின்னிங் பகுதியில் பதினெட்டு வருடமாக அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் யெகோவாவின் சாட்சிகளோடு சேர்ந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் ஒரு துணிப்பையில் சிறு புத்தகங்களைப் போட்டுக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள். அந்தப் புத்தகங்களில் போதகர்களைப் பற்றி நல்ல வார்த்தை அதிகம் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரில் ஒரு சட்டம் இருந்தது. சர்க்கஸ்காரர்கள் தெருவெல்லாம் துண்டுத்தாள் இறைத்துவிட்டுப் போன வருடத்தில் போட்டது. நகர மேலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எவரும் எவருக்கும் எந்தத் தாளையும் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். போட்ட பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். விட்லோ போதகர்தான் ஞாபகப்படுத்தினார்.

நகர மேலாளர் யூஜின் பெட்டஸ் மென்மையான ஆள், இன்னொரு கிறிஸ்தவப் பிரிவான மெதடிஸ்ட் சபைக்காரர். யாரையும் சிறையில் போட அவருக்கு மனம் வராது. அனுமதிக்குக் கட்டணமும் கிடையாது. வெர்லாவுக்காக ஒரு படிவத்தை அவரே நிரப்பிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். மேலே விண்ணப்பிப்பவர் கேட்க வேண்டிய ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது.

"கேட்டா போதும், மிஸ் வெர்லா. நான் சரின்னு சொல்லப்போறேன். அது உங்களுக்கே தெரியும்."

"சரின்னு சொல்ல முடிஞ்சவருக்கு வேணாம்னும் சொல்ல முடியுமே, ஐயா."

"நான் அப்படிச் சொல்ற ஆளா?"

"நீங்க இல்ல. ஆனா என்னை அனுப்பினவரு, போற வழியில உங்க ஆபீஸுக்கு ஒரு எட்டுப் போயிட்டுப் போன்னு சொல்லலையே."

அவளுடைய மதத்தார் எல்லாருமே இதில் இப்படித்தான். கடவுள் கட்டளையிட்டதைச் செய்ய மனிதனிடம் அனுமதி கேட்பது கடவுளை அவமதிப்பது என்பார்கள். வெர்லாவும் நீதிபதியிடம் அதையே சொன்னாள். ஐம்பது நாள் கிடைத்தது. ஆனால் நகர மன்றக் கட்டடத்தின் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, தான் சொன்னது முழு உண்மைதானா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஸ்பின்னிங் பகுதியில் சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். மேஸ்திரி பார்க்கும் வரை தூக்கியபடியே நிற்க வேண்டும். சில நாள் மேஸ்திரி சீக்கிரம் பார்ப்பார். சில நாள் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். பள்ளியிலிருந்து நிற்க அப்பாவிடம் கேட்கவில்லை, அவரே நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு அவரிடம் கேட்டாள். அம்மாவின் சாவுக்குப் போக மேஸ்திரியிடம் கேட்டாள். சனிக்கிழமைக் காலை, பையோடு முதல் வீட்டுப் படியில் கால் வைக்கும் அந்த ஒரு நேரத்தில்தான் அவள் யாரிடமும் எதையும் கேட்காமல் நின்றாள். அந்த ஒரு நேரத்தை விட்டுக்கொடுக்க முடியவில்லை. இது விசுவாசமா, வீம்பா? கடவுளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். அவர் தெரிந்துவைத்திருப்பதை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை ஒரு வழி தெரிந்தது. பால்காரர் கையில் ஒட்டியிருந்த ரசீதைப் பிடித்தபடி நகர மன்றத்துக்கு வர, பெட்டஸ் ஞாபகமறதியில் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார். ரசீது உதிர்ந்து தரையில் விழுந்தது. இது நோயல்ல, சட்டம் என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் நகர மன்றத்திலிருந்து நூற்பாலை வாசல் வரை வரிசை நின்றது. பெட்டஸ் மேசையை வெளியே போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் தன் தாளை நீட்டி, தொப்பியைக் கழற்றி, "தயவு செஞ்சு, ஐயா" என்றார். வங்கி முதலாளி கேட்டார், டாக்டர் கேட்டார், விட்லோ போதகரும் கேட்டார். அவருக்கு அந்த வார்த்தைகள் சட்டென்று வரவில்லை. இரண்டு முறை இருமிவிட்டுச் சொன்னார். பெட்டஸ் ஒரு நாளைக்கு எழுநூறு கையெழுத்துப் போட்டார். அவருடைய இடது கையில் வெர்லாவின் படிவம் மட்டும் அப்படியே ஒட்டியிருந்தது. மேலே யாரும் கேட்காததால் கீழே போட்ட கையெழுத்து செல்லவில்லை போலும்.

வெர்லா சிறையில் இருப்பதால்தான் காகிதம் ஒட்டுகிறது, வெர்லா கேட்டுவிட்டால் விட்டுவிடும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. காவலர் ஓடிஸ் க்ரம்ப் அவளுக்குச் சோள ரொட்டியும் மோரும் கொண்டுவரும்போதெல்லாம் அதைச் சொன்னார். அவர் வலது கையில் அவளைச் சிறை வைக்கும் உத்தரவு ஒட்டியிருந்தது. அதில் மட்டும் கையெழுத்துப் போட பெட்டஸ் ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொன்னார். போட்டால் தானே அவளைச் சிறையில் வைத்தது போல ஆகிவிடும் என்று பயந்தார். அதனால் க்ரம்ப் இடது கையால் சவரம் செய்துகொண்டு, முகத்தில் வெட்டுக் காயங்களோடு திரிந்தார்.

பதிமூன்றாம் நாள் அவள் கணவன் ராய்ஸ் வந்தான். தறி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் பதில் ஆற்றுக்குத் தூண்டில் எடுத்துப் போகிறவன். கம்பிக்கு அப்பால் நின்று தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பதிமூணு நாளா நான் சமைச்சத நானே தின்னுக்கிட்டிருக்கேன், வெர்லா. இதுக்கு மேல உன் கடவுள் என்னை எப்படிச் சோதிக்கணும்?"

"உப்புப் போட்டியா?"

"போட்டேன். அதுதான் பிரச்சினையே." தொப்பியைத் தலையில் வைத்து, மறுபடி கழற்றினான். "மில்லுல உன் எடத்துக்கு வேற ஆளு பாக்கறாங்க. வாய் விட்டு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் நீ எந்தக் கதவ வேணா தட்டு. நான் ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல."

"நான் உன்னைப் புரிஞ்சுக்கிட்டதும் இல்ல, பாத்துக்க. ஆனா வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

அவன் போன பிறகு அவள் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தயவு செஞ்சு. ஒன்றும் கனமில்லை. ரொட்டி கேட்கச் சொல்கிற வார்த்தைதான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதும் அவளுடைய வலது கை மெல்ல மேலே எழும்பி, தோளுக்கு மேல் நின்றது. அவள் தூக்கவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம் தானாகத் தூக்கியது. வெகுநேரம் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பதினேழாம் நாள் மதியம் பெட்டஸ் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்பியருகே உட்கார்ந்தார். இடது கையில் அந்தப் படிவம், ஓரமெல்லாம் அழுக்கேறி இருந்தது. மனிதர் இளைத்திருந்தார்.

"நீங்க சொன்னது நடந்துடுச்சு, மிஸ் வெர்லா. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"லோட்டி ஹாஸ்க்யூ. உங்க பக்கத்துல வேலை செய்யற பொண்ணு. மேகன்ல இருக்கற தச்சன் ஒருத்தனைக் கட்டிக்கச் சம்மதம்னு கடிதாசி எழுதியிருந்தா. கையெழுத்துப் போடறப்ப படிக்காம இருக்க முடியல. எதையுமே படிக்காம இருக்க முடியல எனக்கு. அவளுக்கு நோயாளி அப்பா இருக்காரு. யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். நாலு நாளாச்சு."

"அந்தக் கடிதாசி அவ கையிலதான் இருக்கா?"

"ஆமா. ஒத்தக் கையாலதான் இழை ஒட்டறாளாம்."

பெட்டஸ் குனிந்து தரையைப் பார்த்தார்.

"வேணாம்னு சொன்னப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள். கடுமையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கொஞ்சம் நல்லா இருந்துச்சு," என்றார் பெட்டஸ். "அதான் தூக்கம் வரல. நேத்து போதகரோட ஈஸ்டர் ஜெபத்துல ஒரு வரிய அடிச்சேன். நீளமா இருந்துச்சுன்னு." அவர் படிவத்தை நீட்டினார். "தயவு செஞ்சு கேட்டுடுங்க. என்னை இதுலேருந்து விட்டுடுங்க."

அவரே தன்னிடம் கெஞ்சிக் கேட்பதைக் கவனித்தபோது வெர்லாவுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. இத்தனை நாளாகத் தன் எதிரே இருப்பது ஒரு மேஸ்திரி என்று நினைத்திருந்தாள். இவரும் கையைத் தூக்கி நிற்கிறவர்தான். ஒரு நிமிடம் தன்னிடம் ஊரின் சாவி இருப்பது போல அவளுக்கு ஒரு கர்வம் வந்தது. அது உண்மையாகவே இனித்தது. அந்த இனிப்பு என்ன செய்யும் என்று எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில் தெரிந்ததால் அவசரமாக அதை விழுங்கினாள்.

"என்கிட்டயும் நீங்க கேக்க வேண்டியதில்ல, ஐயா," என்றாள். "அந்தச் சட்டப் புத்தகம் உங்க மேசை மேலதானே இருக்கு."

மறுநாள் மாலை நகர சபை கூடியது. தீர்மானத் தாள் செயலாளர் கையை விட்டு வராததால் எல்லாம் வாய்மொழியாக நடந்தது. சட்டத்தை நீக்க வேண்டும் என்று பெட்டஸ் சொன்னார். வழிமொழிய யாரும் வாய் திறக்கவில்லை. பார்வையாளர் பெஞ்சிலிருந்து விட்லோ போதகர் எழுந்தார். "அந்த அம்மா போதகருங்களைத் திட்டற புத்தகத்தக் கொடுக்கறது எனக்குப் பிடிக்கல. இனிமேயும் பிடிக்காது. ஆனா என் ஜெபத்துல மெதடிஸ்ட்டுக்காரன் கை வைக்கறது அதவிடப் பிடிக்கல" என்றார். யாரோ சிரித்தார்கள், ஐந்து உறுப்பினர்களும் கையைத் தூக்கினார்கள். பெட்டஸ் மேசையில் விரிந்து கிடந்த சட்டப் புத்தகத்தில், அந்தப் பத்தியின் குறுக்கே, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார்.

கோடு முடிந்த கணத்தில் ஊர் முழுவதும் காகிதம் விழுந்தது. மரத்திலிருந்து ஒரே சமயத்தில் எல்லா இலையும் உதிர்வது போன்ற சத்தம் என்று பிறகு சொன்னார்கள். மக்கள் கைகளை உதறிக்கொண்டு வாசல்களில் நின்றார்கள். நகர மன்றத்துக்குப் பின்னால், ஓடிஸ் க்ரம்ப் தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த உத்தரவை மிதிக்காமல் தாண்டி வந்து, கதவைத் திறந்தார்.

"போங்க, மிஸ் வெர்லா. நான் போய் ஒழுங்கா சவரம் பண்ணணும்."

லோட்டியின் கடிதம் மறுநாள் காலைத் தபாலில் போனது. ஜூன் மாதம் அவள் மேகனுக்குப் போனாள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. வெர்லாவின் இடத்துக்கு மில்லில் வேறு ஆள் வந்துவிட்டது. அவள் வீட்டிலேயே துணி தைக்க ஆரம்பித்தாள். ராய்ஸ் தன் சமையலிலிருந்து விடுதலையானான். போதகர் அவளுக்கு எதிராக வருடத்துக்கு இரண்டு பிரசங்கம் செய்தார். அதை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார். வெர்லாவும் ஒரு பிரதி வாங்கிப் படித்தாள். பெட்டஸின் கையிலிருந்த படிவம் மட்டும் விழவில்லை; மேலே கேட்க வேண்டிய வரி இன்னும் காலியாகவே இருந்தது. சோப்பும் எண்ணெயும் போட்டுப் பார்த்தார்கள். டாக்டர் கையை விரித்தார். சில மாதங்களில் அது தோல் போல மென்மையாகிவிட்டது, குழந்தைகள் கூட உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஓய்வு பெறும் வரை அவர் அந்தக் கையோடேயே நகரத்தை நிர்வகித்தார். வெயில் காலத்தில் அதாலேயே விசிறிக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் வெர்லா அவர் வீட்டுக் கதவையும் தட்டினாள். பெட்டஸ் ஒவ்வொரு முறையும் தானே வந்து திறந்தார்; அவள் சொல்வதைக் கடைசி வரை கேட்டார்; விசிறிக்கொண்டே, "வேணாம், மிஸ் வெர்லா. நாங்க மெதடிஸ்ட்டு. போயிட்டு வாங்க" என்றார். அவருடைய வீடு, அவருடைய கதவு. அந்த 'வேணாம்' அவளுக்கு ஒருபோதும் வலிக்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கி அடுத்த வீட்டுக்குப் போனாள்.