வற்றாத கிணறுள்ள வீடு

டம்ளருக்குள் சாய்ந்து நின்ற தேக்கரண்டியை அவள் மெல்ல உருவி எடுத்தாள். எவ்வளவு கவனமாக எடுத்தும் அது எவர்சில்வர் விளிம்பில் ஒருமுறை உரசிக் கிணுங்கியது. கட்டிலில் கிடந்த தந்தையின் கண்கள் அந்த ஒலியின் பின்னாலேயே திரும்பின.

“எங்க கொண்டு போறே?”

“அரை மணி நேரம்பா. வீடு பாக்க வர்றாங்க. அவங்க போனதும் கொண்டாந்து வச்சிடறேன்.”

“கூப்பிடணும்னா?”

“நடுவுல நானே வந்து பாத்துக்கறேன். தூங்குங்க.”

அவருடைய உதட்டோரம் லேசாகக் கோணியது. அதுதான் இப்போதெல்லாம் அவரால் சிரிக்க முடிந்த சிரிப்பு.

“வந்தவங்ககிட்ட வெயிட்ட கூட்டிச் சொல்லாதே.”

“உங்க பொண்ணுதானே நான். சொல்வேனா?”

அவர் தம் பணிக்காலம் முழுவதையும் லாரி எடைமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் கழித்தவர். மணல் லாரியானாலும் இரும்பு லாரியானாலும், மேடை காட்டிய எடையைத் தவிர வேறோர் எடையை அவர் வாய் சொன்னதில்லை. ஓட்டுநர்கள் அவருக்கு ‘முள்ளு’ என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். யார் தள்ளினாலும் சரிந்துகொடுக்காத தராசு முள்! அந்தப் பெயரை அவர்கள் வசையாகத்தான் சொன்னார்கள். அவரோ அதைப் பட்டம் போலவே சுமந்தார்.

நோய் முதலில் அவருடைய கால்களையும், பின்னர் குரலின் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. எஞ்சியது அந்தத் தேக்கரண்டி. ஒருமுறை தட்டினால் தண்ணீர். இருமுறை தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தாமல் தட்டினால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். அப்போது மட்டும் அவள் கையிலிருப்பதைப் போட்டது போட்டபடி ஓடி வருவாள்.

தேக்கரண்டியை அடுக்களை ஜன்னல் மேடையில், புதிதாக வாங்கி வைத்த பூஞ்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மழைக்காலத்தில் விற்பனைக்கு வந்த வீடு, கோடை பிறந்தும் போணியாகவில்லை. பெரிய மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தால் இன்னும் சில ஆண்டுகள் இருப்பார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு விற்பதற்கென்று அவர்களிடம் இருந்தது இந்த வீடு ஒன்றுதான். “எனக்குக் கத்தி வேணாம். வீடு வீடா இருக்கட்டும்” என்று அவர் ஒருநாள் சொன்னார். பயத்தில் பிதற்றுகிறார் என்று அவளும், வெளியூரிலிருந்து தொலைபேசியில் பேசிய தம்பியும் முடிவு கட்டினார்கள். மணவாழ்க்கை முறிந்து, ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்ற நாள்முதல் அவளுக்கும் இதுவே வீடு. விற்றபின் தான் எங்கே போவது என்ற கேள்வியை அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்து, மடித்து, அலமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே வைப்பதுபோல் வைத்துவிட்டாள்.

ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டே பேசும் தரகர், தொடக்கத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

“அக்கா, வர்றவன் வீட்ட மூக்காலதான் மொதல்ல பாக்கறான். மருந்து வாடை அடிச்சுச்சுன்னா, செவுரு தங்கத்துல இருந்தாலும் நிக்க மாட்டான்.”

அவர் சொன்னதையெல்லாம் அவள் செய்தாள். சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசினாள். மங்கலான பல்புகளை மாற்றினாள். அடுக்களை பெரிதாகத் தெரியவேண்டும் என்று பாதிப் பாத்திரங்களை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். வருகிறவர்கள் குளிர்ந்த தரையில் கால் வைத்ததும் முகம் சுளிக்காதிருக்க, அறைக்கு அறை தடித்த விரிப்பு வாங்கிப் போட்டாள். விளம்பரத்துக்கான தலைப்பைத் தரகரே எழுதினார்: ‘வற்றாத கிணறுள்ள வீடு’. அதில் மிகை எதுவும் இல்லை. ஊரே காய்ந்து கிடந்த ஆண்டில், தெரு முழுவதும் குடத்தோடு இந்த வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டு மீசைக்காரர் அன்று தம் குடத்தை நிரப்பிக்கொண்டு, “முள்ளு சார், உங்க கிணத்துக்கு மட்டும் கோடைன்னா என்னன்னே தெரியாது போல” என்று கேட்டது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விளம்பரத்துக்குப் பின் ஆட்கள் வந்தார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் ஒருவரும் திரும்பி வரவில்லை. காரணம் இன்று காலையில்தான் தெரிந்தது.

“பெரியவருதாங்கக்கா கெடுக்கறாரு,” என்றார் தரகர். “முன் ரூம்ல படுத்துக்கிட்டு, நீங்க அடுப்படிப் பக்கம் போனதும், கிளம்பறவங்களை ஸ்பூனால மெல்லத் தட்டிக் கூப்பிடறாரு. காதுல எதையோ ஓதறாரு. வெளிய வரும்போது அவங்க மொகம் தொங்கிப் போயிருக்கு.”

“என்ன ஓதறாரு?”

“கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. ‘பெரியவர் நல்லவர்’னு மட்டும் சொல்றாங்க. நல்லவரா இருந்து என்ன புண்ணியம்? நான்ல தெருத்தெருவா அலையறேன்.”

வடக்குச் சுவரின் ஈரக்கசிவாகத்தான் இருக்கவேண்டும் என்று அவள் உடனே தீர்மானித்தாள். புது வண்ணத்துக்குள் மறைத்த கசிவை முள்ளு மறைக்கமாட்டார் அல்லவா! சினத்தோடு சேர்ந்து சிறிது பெருமையும் வந்தது. அந்தப் பெருமை சினத்தை இன்னும் கூட்டியது. மீசைக்காரரையும் துணைக்கு அழைத்துக் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினாள்.

வந்தவர்கள் கணவனும் மனைவியுமாக இருவர். கணவர் டயர்கடைக்காரர். அந்த அம்மாள் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, கீல் முனகுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். தந்தையை எட்டிப் பார்த்துவர மகளின் கால் ஒருமுறை பின்னறைப் பக்கம் திரும்பியது. அதே நேரம் அந்த அம்மாள் அடுக்களை அலமாரியைத் திறந்தாள்.

“இதுல நம்ம பாத்திரம் பாதிதான் அடங்கும்.”

“உங்க அம்மா வீட்டுலேர்ந்து வந்த ஓட்டைப் பானையெல்லாம் தூக்கிப் போட்டா முழுசும் அடங்கும்,” என்றார் டயர்கடைக்காரர்.

“உங்க டயரைக் கொண்டாந்து நடுவீட்டுல அடுக்காம இருந்தாப் போதும், நான் பிழைச்சுக்குவேன்.”

தரகர் அளவுக்கு மீறிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள். பின்னறையிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

கிணற்றடியில் டயர்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “வத்துமா?”

“வத்தினதே இல்லைங்க.”

“அந்த மூடியிருக்கற ரூமு?”

“அப்பா தூங்கறாரு. உடம்பு சரியில்ல. அதுவும் இதே அளவு ரூம்தான்.”

“பெரியவரை எழுப்ப வேணாம் பாவம்,” என்றாள் அந்த அம்மாள். மறுநாளே முன்பணம் தருவதாகக் கூறி விடைபெற்றார்கள். தரகர் வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவள் தேக்கரண்டியை மறந்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். “அப்பா, முடிஞ்சிருச்சுப்பா” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

போர்வைக்கு வெளியே நீண்டிருந்த வலக்கை கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. முக்காலியின்மேல் டம்ளர் இல்லை. அது கீழே, புதிய விரிப்பின்மேல் கவிழ்ந்து கிடந்தது. சிந்திய தண்ணீரைத் தடித்த விரிப்பு ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தது. விழுந்த ஒலியையும் அப்படியே குடித்திருக்கவேண்டும்.

விடிவதற்குள் தம்பி வந்து சேர்ந்தான். பெட்டியை இறக்கி வைக்காமலே கேட்டான்.

“கடைசியா உன்னைக் கூப்பிடலையாக்கா?”

“சத்தம் வரலைடா.”

அது பொய்யில்லை. அவன் அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஈர விரிப்பைச் சுருட்டி எங்கே போடுவது என்பது ஒன்றே அப்போது அவள் மனத்தில் இருந்தது.

காலையில் மீசைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் சுமந்து கொண்டுவந்து முன்றிலில் வரிசையாகப் போட்டார். எடைமேடையில் உடன் வேலை பார்த்த இருவர் வந்து, பேசாமல் நின்று, பேசாமல் போனார்கள். டயர்கடைக்காரரும் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் தரகரின் பக்கம் சாய்ந்து எதையோ முணுமுணுத்தாள்.

“எந்த வீட்டுலங்க சாவு விழல?” என்றார் தரகர் அடங்கிய குரலில். “சாவே விழாத வீடு வேணும்னா, நேத்து கட்டி இன்னிக்குப் பூச்சு காயாத வீடாத்தான் பாக்கணும். அதுக்கு உங்க பட்ஜெட்டு பத்தாது.”

தம்பி அக்காளின் அருகில் வந்து குந்தினான். “நல்ல ஆளுங்களாத் தெரியறாங்கக்கா. இந்த வாரமே முடிச்சிடலாம். இனிமே யாருக்காக இந்த வீட்ட வச்சுக்கிட்டு இருக்கணும்?”

யாருக்காக என்று கேட்டவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. சட்டென்று அவள் அவன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அப்போது, மாதங்களுக்கு முன்பு வீடு பார்த்துவிட்டுப் போன பெண் ஒருத்தி வந்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். உள்ளே போய் இறந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.

“ஒருதடவைதாம்மா பாத்தேன். மறக்க முடியல. தன் வீட்டுக் குறைய தானே கூப்பிட்டுச் சொல்ற மனுஷனை நான் பாத்ததில்ல.”

“செவுத்துல கசியறதுங்களா?” என்றாள் அவள் களைத்த குரலில்.

“செவுரா? இல்லையே. கிணறு.” டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “கோடை வந்தா வத்திடும், சொட்டுத் தண்ணி இருக்காதுன்னாரு. ‘எம் பொண்ணுகிட்ட மட்டும் கேக்காதீங்க, அவ பாவம், விக்கணும்னு அலையறா’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நானும் கேக்கலை. என்னால குடம் தூக்க முடியாதும்மா. அதான் திரும்பி வரல.”

மீசைக்காரரின் வாய் திறந்தது. “கிணறா? அட, அந்தக் காய்ஞ்ச வருஷத்துல...” என்று தொடங்கியவர், அவளைப் பார்த்தார். பிறகு தம் காலடியைப் பார்த்தார். கையிலிருந்த தேநீரை மெல்ல ஊதத் தொடங்கினார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

அவள் உள்ளே, நடுக்கூடத்தில் கிடத்தப்பட்டிருந்த முகத்தைப் பார்த்தாள். ஆயுள் முழுவதும் ஓர் எடையையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாத வாய் இறுக மூடியிருந்தது.

“என்னங்க இது?” டயர்கடைக்காரர் எழுந்துவிட்டார். “நேத்து கிணத்தடியில நின்னுக்கிட்டு, வத்தினதே இல்லைன்னு சொன்னீங்க?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, அப்பாவுக்கு உடம்பு முடியாம...” என்று தம்பி முந்திக்கொண்டான். “அக்கா, நீ சொல்லு.”

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. தரகர் ஹெல்மெட்டை அக்குளில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“வத்தும்,” என்றாள் அவள்.

“அப்ப நேத்து?”

“நேத்து விக்கணும்னு இருந்துச்சு.”

“அக்கா!”

“அப்பா என்னிக்குடா வெயிட்ட தப்பாச் சொல்லியிருக்காரு?”

டயர்கடைக்காரர் விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தார். அவருடைய மனைவி மட்டும் எழுந்து வந்து, அவளுடைய தோளை ஒருமுறை தொட்டுவிட்டுக் கணவனின் பின்னால் நடந்தாள். தரகர் இருவரையும் சமாதானப்படுத்திக்கொண்டே தெருமுனை வரை ஓடினார்.

சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அடுக்களைக்குள் போய், பூஞ்சாடிக்குப் பின்னால் கைவிட்டுத் தேக்கரண்டியை எடுத்தாள். கொல்லைப்புறக் குழாயடியில் குந்தி, குழாயைத் திருகினாள். கிணற்றுத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து வாளியின் அடியில் மோதி இரைந்தது.

அவள் திடுக்கிட்டு முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின் குழாயை இறுக்கி, நீரை நூலளவுக்குக் குறைத்தாள். அந்த நூலின் கீழ்த் தேக்கரண்டியைப் பிடித்து, கழுவ வேண்டிய எதுவும் அதில் இல்லாதபோதும், வெகுநேரம் கழுவினாள். டயர்கடைக்காரரின் வண்டி கிளம்பித் தெருவைக் கடந்து போகும் ஓசை கேட்டது.

பின்னறையில் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. யாரோ டம்ளரை நிமிர்த்தி முக்காலியின்மேல் வைத்திருந்தார்கள். அவள் அதன்முன் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் பட்டுக் கிணுங்காதபடி தேக்கரண்டியை உள்ளே இறக்கினாள்.