புள்ளி வைக்காத சொல்

இணைய வகுப்பில் மேடம் அவளுடைய படத்தைத் திறந்து ஏழே நொடியில் மூடிவிட்டார். "நல்லாருக்கும்மா. அடுத்தது?" என்றார். அடுத்தது மைனாவுடையது. அது திரையில் விரிந்ததும் மேடத்தின் குரலே மாறிவிட்டது. "எல்லாரும் இதைக் கொஞ்சம் கவனிங்க" என்று தொடங்கி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விட்ட இடைவெளி, நிறத்தை அடக்கி வைத்த விதம், ஓரத்தில் சும்மா விட்ட வெற்றிடம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டே போனார். பதினொரு நிமிடம். தான் உட்கார்ந்திருந்த வேனின் முன்பக்கக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவள் கணக்கு வைத்திருந்தாள். முடிவில் எல்லோரும் கைதட்டும் பொம்மையை அனுப்பினார்கள். அவளும் அனுப்பினாள். யாரும் எதுவும் நினைத்துவிடக் கூடாது என்று மூன்று முறை அனுப்பினாள்.

கல்லூரியில் அவளுக்குப் பெயர் ஸ்கேல். அளவுகோல் இல்லாமல் காகிதத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேர்க்கோடு இழுப்பாள். அதன்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தால் முடியிழை அளவுகூட விலகியிருக்காது. வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்த முதல் வாரமே மேடம் அவளுடைய நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்பு முழுக்கக் காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த நோட்டு கைகளில் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கை மைனாவுக்கு வட்டம் போடச் சொன்னால் பூசணிக்காய் வரும். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாததால் அவள் மைனா. "உன் கைய வெட்டி என் கையில ஒட்டிக்கலாமாடி?" என்று கேட்டுச் சிரிப்பாள். ஸ்கேலும் சிரிப்பாள். அவளுடைய படங்களைத் திருத்திக் கொடுப்பாள். பூசணிக்காயைத் திருத்திக் கொடுப்பதில் ஒரு சுகம் இருந்தது. அது என்ன சுகம் என்று அப்போது அவள் யோசித்ததில்லை.

கல்லூரியை மூடியபோது பதினைந்து நாள்தான் என்றார்கள். இது ஐந்தாவது மாதம். வகுப்பெல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அப்பா பள்ளி வேன் ஓட்டுநர். பள்ளிகளும் மூடிவிட்டதால் வேன் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. வீட்டுக்குள் அம்மாவின் தையல் இயந்திரச் சத்தம், தங்கை ஒப்பிக்கும் வாய்ப்பாடு. அதனால் ஸ்கேலுக்கு வேனின் முன் இருக்கைதான் வகுப்பறை. கைப்பேசியை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துக்கொள்வாள். அதன் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். அளவுகோலுக்குச் சவால் விட்ட கை அவளுடையது. அந்தக் கண்ணாடியில் விரல் நுனியால் கோடு இழுத்தால் மண்புழு நெளிந்தது.

மைனாவுக்கு அவள் மாமா தன்னுடைய பழைய கணினியைக் கொடுத்துவிட்டார். கூடவே பேனாவால் வரைகிற பலகை ஒன்றும். முதல் மாதம் மைனாவின் பூசணிக்காய்கள் கணினியிலும் பூசணிக்காய்களாகவே இருந்தன. இரண்டாவது மாதம் அவள் வரைவதைக் குறைத்துக்கொண்டு எழுத்துகளை அடுக்க ஆரம்பித்தாள். மூன்றாவது மாதம் மேடம் முதன்முறையாக அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்றைக்கு ஸ்கேலுக்கு அடிவயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டது. அதன்பிறகு அது அணையவே இல்லை.

"கம்ப்யூட்டர் வரையுது. அவளா வரையிறா?" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே கைப்பேசியை வாங்கி, மைனாவின் படத்தைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தாள். "இல்லடி. இவ கண்ணுக்கு என்னமோ தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டாள். பெற்ற தாயே இப்படிச் சொல்லிவிட்டாளே என்று இரண்டு நாள் ஸ்கேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா சொன்னது பொய்யென்றால் அவ்வளவு எரிந்திருக்காது. எங்கே எதையும் வைக்காமல் விட வேண்டும் என்பதை எந்தப் பேனாவும் பலகையும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அது மைனாவுக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. தனக்கு வரவில்லை. தன் படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும், மைனாவின் படங்கள் மூச்சு விடுவதும் ஸ்கேலுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிகிற அளவுக்குக் கண் இருந்தது, செய்கிற அளவுக்கு இல்லை. தினமும் மைனாவின் படங்களைத் திறந்து விரலால் பெரிதாக்கி, தலையில் ஈர் பேன் பார்ப்பதுபோல் குற்றம் தேடினாள். ஒன்று கிடைத்தால் அன்றைக்குச் சோறு இறங்கியது.

மைனா ஒன்றும் அறியாதவளாகத் தினமும் கூப்பிட்டாள். "எங்க வீட்டுக்கு வாயேன்டி. காலையில நான் செய்யறேன், மத்தியானம் நீ செய். மெஷின் சும்மாதானே கெடக்குது."

"எங்கம்மா வெளிய விடமாட்டாங்கடி" என்றாள் ஸ்கேல். அம்மாவிடம் அவள் கேட்கவே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பேனாவைப் பிடித்து, அப்போதும் மைனா மாதிரி வராவிட்டால்? விரிசல் விட்ட கைப்பேசி ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த சாக்கு.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. பெரிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்று இறுதியாண்டு மாணவர்களில் ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்கிறது. பயிற்சி முடிந்தால் வேலை. பள்ளிகள் மூடியிருந்தாலும் படிப்பு நிற்காது என்று மக்களுக்குச் சொல்லும் சுவரொட்டி ஒன்றைச் செய்து அனுப்ப வேண்டும். ஸ்கேல் மூன்று வாரம் வேனைவிட்டு இறங்கவில்லை. காகிதத்தில் வரைந்து, படம் பிடித்து, கைப்பேசியில் நிறம் ஏற்றினாள். கடைசி நாளன்று காலையிலேயே அனுப்பிவிட்டாள். இதுவரை செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

மதியம் மூன்று மணிக்கு மைனாவின் படம் வந்தது. கீழே, "நாலு மணிக்குள்ள அனுப்பணும். ஒரு தடவ பார்த்துச் சொல்லுடி. பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு அவிஞ்சிடுச்சு. உன் கண்ணுல இருந்து எதுவும் தப்பாது" என்று எழுதியிருந்தாள்.

இருட்டான ஒரு தெரு. தெருவின் இருபுறமும் வீடுகள். உற்றுப் பார்த்தால் அவை வீடுகள் அல்ல, எழுத்துகள். 'கல்வி நிற்காது.' மெய்யெழுத்துகளின் புள்ளிகள்தான் அந்தத் தெருவின் விளக்குகள். மேலே ஒரு காகித விமானம் பறந்து போகிறது. வேறொன்றும் இல்லை. மீதியெல்லாம் வானம். ஸ்கேலுக்குத் தன்னுடைய மூன்று வாரம் ஏழு நொடியில் மூடப்படுவது கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த கணமே இன்னொன்றும் தெரிந்தது. 'ற்' மேல் விளக்கு எரிந்தது. 'ல்' மேல் இல்லை. கடைசி நேரத்தில் விமானத்தை நகர்த்தியிருக்கிறாள்; அதன் இறக்கை அந்தப் புள்ளியை மூடிவிட்டது. புள்ளி போனதும் கல்வி கலவியாகிவிட்டது. பெரியவர்கள் முன்னால் வாயில் வராத சொல், தெரு முழுக்க நின்று, நிற்காது நிற்காது என்றது.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, 'அடியே லூசு, ல் மேல புள்ளி இல்ல' என்று தட்டினாள். அனுப்பும் குறிக்கு மேல் விரல் நின்றது. அழித்தாள். 'புள்ளியப் பாரு' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும், அனுப்புவதற்கு முன் பார்த்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டாள். பார்க்காவிட்டால் அது என் தப்பா? நான் என்ன அவளுக்குச் சம்பளத்துக்கு வைத்த ஆளா? இரண்டு வருடம் பூசணிக்காய் திருத்தியது போதாதா? மறுபடியும் 'அடியே' என்று தட்டி, அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதையும் அழித்துவிட்டு, 'சூப்பர்' என்று அனுப்பினாள். மைனாவிடமிருந்து உடனே ஆறு முத்தங்கள் வந்தன.

ஒரு வாரம் கழித்து, தேர்வான பத்துப் படங்களை நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் போட்டது. போட்ட ஆளும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்தத் தெருவிலேயே லயித்திருந்தது போலும். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். மதியத்துக்குள் அந்தப் படம் கைக்குக் கை தாவியது. "ஸ்கூல மூடினா இதுதான் நடக்கும்னு அப்பவே சொன்னேன்" என்று ஒருவர். "டீச்சர் யாருங்க?" என்று இன்னொருவர். மைனாவின் அப்பாவுக்கு மின்சாதனக் கடை. பல்பு வாங்க வந்தவர்கள்கூட, "உங்க பொண்ணு நல்லா எழுதுதாமே" என்று பல்லைக் காட்டினார்களாம். நிறுவனம் படத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. மைனா வகுப்புக் குழுவிலிருந்து வெளியேறினாள். அவள் எண் அணைந்து கிடந்தது.

ஸ்கேலுக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. புழுக்கத்தில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்தக் காற்று வீசியது. அதற்குப் பிறகு, யாரோ எழுதிய ஒரு கேலியைப் படித்தபோது, தான் அதைப் படித்துச் சிரிக்கக் காத்திருந்தது தெரிந்து கைப்பேசியை இருக்கைக்கு அடியில் தள்ளினாள்.

மறுவாரம் மேடம் கூப்பிட்டார். "உன்னை எடுத்திருக்காங்கம்மா." அவள் எதுவும் சொல்வதற்குள் பெருமூச்சு விட்டு, "முதல் இடத்துல அவளோடதுதான் இருந்துச்சு. பாவம், ஒரே ஒரு புள்ளி. யாராவது ஒருத்தர் பார்த்திருக்கலாம்" என்றார். ஜெயித்தும் இரண்டாவது இடம்தான் என்பது ஸ்கேலுக்குச் சுருக்கென்று குத்தியது. 'யாராவது ஒருத்தர்' என்றது அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து மாதத் தூசியைக் கழுவி, வேனைக் கிளப்பி, "ஏறும்மா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார். குழந்தைகள் இல்லாத வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் காலி இருக்கைகள் கடகடத்தன. மூடிய பள்ளியைத் தாண்டியதும், "அந்த மைனாப் பொண்ணு வீட்டுக்குப் போலாமா? உன் கூட்டாளியாச்சே, கேட்டா சந்தோஷப்படும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல ஸ்கேல் வாயைத் திறந்தாள். "போலாம்பா" என்று வந்தது.

அப்பா வேனிலேயே இருந்துகொண்டார். மைனாதான் கதவைத் திறந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"வாழ்த்துகள். மேடம் சொன்னாங்க" என்றாள்.

"உள்ள வரட்டா?"

"அங்கயே நில்லு. அப்பா யாரையும் உள்ள விடவேணாம்னு சொல்லியிருக்காரு."

நோய்க்குப் பயந்தா, ஊருக்குப் பயந்தா என்று ஸ்கேலுக்கு விளங்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். "நான் பார்த்தேன்டி."

"எத?"

"புள்ளிய. நீ அனுப்பினப்பவே."

மைனா முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டு, "தெரியும்" என்றாள். "போன்ல 'எழுதுகிறார், எழுதுகிறார்'னு காட்டிட்டே இருந்துச்சு. நிக்கும், மறுபடி காட்டும். நாலு நிமிஷம். நான் நெஞ்சு படபடன்னு பார்த்துட்டே இருக்கேன். ஏதோ பெரிய தப்பக் கண்டுபிடிச்சிட்டா, பத்தி பத்தியா எழுதுறான்னு. கடைசில சூப்பர்னு வருது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மேடம் பாராட்டினப்பல்லாம் அப்படி வரல. எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் அந்த நாலு நிமிஷம் என்னன்னு புரிஞ்சுது."

"யார்கிட்டயும் சொல்லலையே நீ."

"சொன்னா புள்ளி வந்து ஒட்டிக்குமா?" மைனா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி?"

வரும்போது வேனில் ஆயிரம் காரணம் சேர்த்து வைத்திருந்தாள் ஸ்கேல். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "வயித்தெரிச்சல்" என்றாள்.

"என்னப் பார்த்தா?" மைனாவின் கண்கள் நிஜமாகவே விரிந்தன. "என்னப் பார்த்தா உனக்கு?"

"நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். நடந்தத மேடம்கிட்டச் சொல்லி உனக்கே..."

"அந்த வேலை மட்டும் வெச்சுக்காத" என்றாள் மைனா. குரல் முதல் முறையாக உடைந்தது. "அப்புறம் நான் உனக்கு நன்றி வேற சொல்லணும். போ. போய் ஒழுங்கா வேலையக் கத்துக்கோ."

அவள் உள்ளே திரும்பி நடந்தாள். கதவைச் சாத்தவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. கூடத்தின் கோடியில் ஜன்னலோரம் அந்தக் கணினி இருந்தது. மைனா முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேனாவை எடுத்தாள். திரையில் ஏதோ ஓர் எழுத்து. எந்த எழுத்து என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாக்கியிருந்தாள். ஒரு கருப்பு வளைவு மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போனது. மைனா அதன் ஓரிடத்தை மெல்ல இழுத்தாள். சரியில்லை என்று விட்டாள். மறுபடி இழுத்தாள். வளைவு மூச்சை இழுத்துக்கொண்டதுபோல் லேசாக உள்வாங்கி, அப்படியே நின்றது. வாசற்படியில் நின்றிருந்த ஸ்கேலின் அடிவயிற்றில், இவ்வளவுக்குப் பிறகும், அது சுரீரென்று எரிந்தது. போகவும் முடியாமல் உள்ளே நுழையவும் முடியாமல், கண்ணை எடுக்காமல், அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.