எதிர் நாற்காலி

கிரீஷுக்குப் போன மாதம் ஒரு காய்ச்சல். போகும்போது வலது காதின் கேட்கும் சக்தியையும் கொண்டுபோய்விட்டது. இனித் திரும்பாது என்றார் டாக்டர்.

அவன் பிழைப்போ காதை நம்பி. விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளுக்கு ஒலி அமைக்கிறவன். ஹெட்போன் மாட்டினால் இந்தப் பக்கம் என்ஜின், அந்தப் பக்கம் காற்று, முதுகுக்குப் பின்னால் இன்னொரு விமானம் என்று நிஜம் போலவே கேட்க வேண்டும். ஒற்றைக் காதுக்குத் திசை எப்படித் தெரியும், சொல்லுங்கள். ஆபீசில் தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பயந்து அதை மறைத்தான். மயிலாப்பூர் வீட்டிலிருந்தே வேலை என்பதால், விஷயம் மனைவி ஹம்சாவோடு நின்றது.

"நான் கேட்டுச் சொல்றேன், நீ சரி பண்ணு," என்றாள் அவள்.

ஹெட்போனோடு பேசினால் தெருவுக்கே கேட்கக் கத்துவாள். அதனால் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, சத்தம் வரும் பக்கத்துக் கையைத் தூக்கிக் காட்டினாள். அதைப் பார்த்துப் பார்த்து அவன் திருத்தி அனுப்பினான்.

மறுநாளே டீம் லீடர் சஃப்வான் போன் செய்தான்.

"மச்சி, இன்னா பண்ணி வெச்சிருக்க? லெஃப்ட் என்ஜினை நிறுத்துனா ரைட்ல சத்தம் நிக்குது! பிளேனை மல்லாத்திக்கினு ஓட்றதா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தான் கிரீஷ். முகம் வெளிறிவிட்டது. "போச்சு ஹம்சா. இனிமே என்னால முடியாது."

"இரு. வலப்பக்கம் கேட்டா நான் இந்தக் கையைத்தானே தூக்கினேன்?"

தூக்கினாள். எதிரே இருந்தவனுக்கு அது இடப்பக்கம்.

"கடவுளே! அத்தனையும் மாத்தி வெச்சுட்டேன்."

"காது மேல பழி போட்டியே, அசடு! எதிர்ல உக்காந்ததுதான் தப்பு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "இப்போ ஓட விடு."

விமானம் இடப்பக்கம் இரைந்தது. அவள் விரல் அவன் இடது தோளில் பதிந்தது. பிறகு பிடரியைக் கடந்து மெல்ல ஊர்ந்து வலது தோளுக்கு வந்தது. ஒரு மாதமாக எந்தச் சத்தமும் வராத பக்கம்.

"இன்னும் இருக்கா?"

"தூரமாப் போயிண்டிருக்கு. இரு... போயிடுத்து."

விரல் விலகியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சஃப்வானை அழைத்தான்.

"எனக்கு வலது காது கேக்காது சஃப்வான். சொல்லப் பயமா இருந்தது. ஹம்சாவும் நானும் சேர்ந்துதான் கேக்கறோம்."

போனில் சஃப்வானின் குரல் உயர்ந்தது.

"லூசு, இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? சரி, அவங்களையும் லைன்ல கூப்டு. லேண்டிங் சத்தத்துல எனக்கு ஒரு டவுட்டு கீது."