சொல்லாமல் விட்ட மூன்றாவது துதி

எங்கள் யூதர்களின் எட்டு நாள் பண்டிகையான ஹனுக்காவின் முதல் நாள் மெழுகுவத்தி ஏற்றும்போது மூன்று துதி சொல்ல வேண்டும். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். சோஃபாவில் கம்பளிக்குள் கிடந்த என் கணவன் எல்கன் உடனே கண்டுபிடித்துவிட்டான். நோய் வந்ததிலிருந்து அவனால் அதிக நேரம் நிற்க முடியாது, குரலும் எழும்பாது. அதனால் இந்த வருஷம் எல்லாம் என் தலையில்.

"மூணாவது எங்க, ரெய்சல்?"

"மறந்துபோச்சு."

"முப்பது வருஷமா மறக்காதவளுக்கா?"

எங்களை உயிரோடு வைத்து இந்த நாளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவனுக்கு நன்றி. அதுதான் மூன்றாவது. எந்த நாளுக்கு? மருந்து ஏறி அவன் தலைமுடி கொட்டிப்போன நாளுக்கா? அவனுக்குக் கிருமி ஒட்டிவிடும் என்று பெற்ற பிள்ளைகளே மான்செஸ்டர் மழையில் வாசலோடு சாமான் பையை வைத்துவிட்டுத் திரும்புகிற நாளுக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கு விட்டா நாளைக்குச் சொல்லலாம். எட்டு நாளும் விட்டுட்டா அடுத்த வருஷம்தான்," என்றான்.

அடுத்த வருஷம் என்றதும் நான் திரும்பி மெழுகுவத்தியை ஏற்றினேன்.

தினமும் வாயைத் திறப்பேன். சொன்னால் பொய். சொல்லாவிட்டால், அவன் என் எதிரில் இருப்பது ஒரு பொருட்டே இல்லை என்ற மாதிரி. என்ன எழவு இது என்று மூடிக்கொள்வேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் உருளைக்கிழங்கைத் துருவி லாட்கே பொரித்துக்கொண்டிருந்தேன். எல்கன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"உப்பை அள்ளிக் கொட்டினியா? வாயில வைக்க முடியல."

"நாளெல்லாம் நின்னு செஞ்சா நொட்டை சொல்ல மட்டும் வந்துடு. பிடிக்கலன்னா வச்சுட்டுப் போ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. செப்டம்பரிலிருந்து எதைக் கொடுத்தாலும் அட்டையை மெல்வது போலிருக்கிறது என்பவன் அவன்.

"உப்பு தெரியுதா?"

"கரிக்குதுடி," என்றான் மெதுவாக. அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு மெழுகுவத்தி விளக்கின் முன்னால் போய் நின்றேன். இரண்டு துதியும் வந்தன. மூன்றாவதைப் பாதி அழுகையும் பாதி ஆத்திரமுமாகச் சொன்னேன். நோய் குறைகிறது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. என் சமையலைக் குறை சொல்ல ஒருத்தன் மிச்சம் இருக்கிறானே, அதற்கா நன்றி? எனக்கே விளங்கவில்லை.

"ஆமென்," என்றான் எல்கன்.

எட்டு மெழுகுவத்திகளையும் ஏற்றினேன். பிறகு தண்ணீரைக் குடித்துக் குடித்து அந்த லாட்கே அத்தனையையும் தின்று தீர்த்தோம்.