படிக்காமல் வைத்த முத்திரை

புற்றுநோய்க்குக் காளான் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டாலே டாக்டர் நிஷிவாகிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆதாரம் எங்கே என்று பிடித்துக்கொள்வார். ஜப்பானின் மாட்சுமோட்டோ நகரில் அதற்கே பெயர்போனவர்.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் நூடுல்ஸ் கடை நடத்தும் கிகுவே அம்மாள். எட்டு மாதத்துக்கு முன்பே வெட்டி எடுத்திருக்க வேண்டிய மார்புக் கட்டி, இப்போது அக்குள்வரை பரவியிருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாளோ இன்னும் மூன்று மாதம் பொடி குடித்துப் பார்க்கிறேன் என்றார். எந்த மடையன் பேச்சைக் கேட்டு இப்படிச் செய்கிறீர்கள் என்று டாக்டர் பொரிந்து தள்ளினார்.

கிகுவே அம்மாள் துணியில் சுற்றிவைத்திருந்த புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அட்டையில் காளான் படம். அதன் கீழே, 'மேற்பார்வை: டாக்டர் நிஷிவாகி.'

"உங்க பேரு இருந்ததாலதான் நம்புனேன் டாக்டர். கடை வேலையில ஒழுங்கா மூணு வேளையும் குடிக்க முடியல. என் தப்புதான், மன்னிச்சுக்கங்க."

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில், மூத்த டாக்டர் ஹதானோ சாக்கே மது ஊற்றிக்கொடுத்தபடியே, ஏதோ புத்தகத்துக்கு உங்கள் பெயர் வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். வேலை வாங்கிக்கொடுத்த மனிதர் கேட்கும்போது படித்துப் பார்த்துவிட்டா முத்திரை வைப்பது? கையெழுத்துக்குப் பதிலாக அங்கே எல்லோரும் வைக்கும் பெயர் முத்திரையைப் பையிலிருந்து எடுத்துச் சிவப்பு மையில் தொட்டு அழுத்தினார் நம் ஆதாரப்புலி. மறுவாரமே மறந்தும் போனார்.

இப்போது காது மடல்வரை எரிந்தது. யாரோ என் பெயரைத் திருடிவிட்டார்கள் என்றால் இந்த அம்மாள் நம்பிவிடுவார். பொய் தொண்டைவரை வந்தது. வெட்கமாக இருந்தது.

"நான் இதைப் படிச்சதே இல்லம்மா."

"அப்ப யாரு டாக்டர் படிச்சா?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் சுட்டது. டாக்டர் புத்தகத்தைத் திறந்து அங்கேயே வாய்விட்டுப் படித்தார். குணமானவர்கள் பதினொரு பேர். அடியில் பொடி எழுத்தில், நடுவில் நிறுத்தியவர்களும் இறந்தவர்களும் சேர்க்கப்படவில்லை என்றிருந்தது. அவர்கள் எத்தனை பேர் என்றுகூடப் போடவில்லை.

"அப்ப நான் செத்திருந்தா, என்னையும் எண்ணியிருக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

கிகுவே அம்மாள் புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு அறுவை சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் கேட்டார். டாக்டர் எடுத்து வைத்ததும் அந்த அம்மாள் தன் முத்திரையை மேசைமேல் வைத்தார். கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"முதல்ல முழுசா படிச்சுக் காட்டுங்க டாக்டர். அப்புறம் வைக்கிறேன்."

நிஷிவாகி முகத்தை நிமிர்த்தாமல் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.