பாலிஷ் போட்ட தகடு

கதவைத் திறந்ததுமே வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. டிராயிங் டீச்சர் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். புருஷன் மர சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர், அந்த வாடை வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் இன்று அது வந்தது அவருடைய பட்டறையிலிருந்து அல்ல, இவளுடைய அறையிலிருந்து.

ஓடிப்போய்ப் பார்த்தாள். மேஜைமேல், படம் அச்சடிக்க அவள் செய்து வைத்திருந்த அட்டைத் தகடு கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" பின்னாலேயே வந்து நின்றார் பாலிஷ்காரர். முகமெல்லாம் பல். "சொரசொரன்னு கிடந்துச்சு. பாவம், ஸ்கூல் வேலையில பாதியிலேயே விட்டுட்டாளேன்னு நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நாலு கை வார்னிஷ் ஏத்தினேன். தடவிப் பாரேன், அப்படியே வழுக்கும்."

தடவித்தான் பார்த்தாள். வழுக்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த அச்சு வேலையில் சொரசொரப்புதான் உயிர். அட்டையின் மேல் துணி, நூல், மணல், உப்புத்தாள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஒட்டி, ஈரம் இறங்காமலிருக்க மெல்லிசாக ஒரு கை வார்னிஷ் பூசுவார்கள். காய்ந்ததும் மையைத் தேய்த்து, மேலாகத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். எங்கே சொரசொரப்போ அங்கே மை தங்கும், காகிதத்தில் கறுப்பாக விழும். வழவழப்பில் மை நிற்காது. இந்தத் தகட்டுக்காக மழைக்காலம் முழுக்கக் குப்பை பொறுக்கியிருந்தாள். கொழுந்தன் அவளுக்குக் 'குப்பை மகாராணி' என்று பெயரே வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் கண்காட்சிக்காரர்களின் வண்டி வர இருந்தது. தலை நரைத்த பிறகுதான் முதல்முறையாக அவளுடைய படம் ஒன்றைக் கேட்டிருந்தார்கள். அதை அச்சடிக்கத்தான் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு என்ன ஆச்சுன்னா கேக்கறீங்க? உங்களை யார் தேய்க்கச் சொன்னா? எதைக் கண்டாலும் தேய்ச்சே ஆகணுமா? கை சும்மா இருக்காதா?" வெளுத்து வாங்கினாள். அவரைப் பேசவே விடவில்லை.

ஏதாவது மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசையில் மையைத் தேய்த்தாள், துடைத்தாள், காகிதத்தை வைத்து அச்சு உருளையின் சக்கரத்தைச் சுற்றினாள். காகிதத்தை உரித்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிறிப்போன நாலு கோடு. நடுவில் ஒன்றுமே இல்லை.

"நல்லா சுத்தமாத்தானே வந்திருக்கு?" என்றார் பாலிஷ்காரர்.

குத்தலாகச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். இல்லை, மனுஷனுக்கு நிஜமாகவே புரியவில்லை. எப்படிப் புரியும்? கல்யாணமான புதிதில் அவள் அடித்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "மைப்புட்டி கவுந்துடுச்சா?" என்று சிரித்தார். அன்றோடு சரி. அதற்கப்புறம் அவர் பட்டறைக்குள் போனபிறகுதான் அச்சடிப்பாள், அடித்ததை அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். அவர் கண்ணில் பட்டதெல்லாம் மேஜைமேல் கிடக்கும் தகடுகள்தான். அதுவே படம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சிரித்தது அவர் தப்பு. ரோஷப்பட்டு இத்தனை காலம் ஒளித்தது அவள் தப்பு. ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

விருட்டென்று போய் அலமாரியைத் திறந்தாள். முந்தின நாள் சோதனைக்காக அடித்த பிரதி ஒன்று உள்ளே இருந்தது. மை கொஞ்சம் கம்மி, கீழ்மூலை சரியாக விழவில்லை. அதை நீட்டினாள்.

"அந்தத் தகட்டுல இதுதான் இருந்துச்சு. பாருங்க. பார்த்துட்டு நல்லா சிரிங்க."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு முதுகு. நாற்காலி ஒன்றின் மேல் குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருக்கும் ஆளின் முதுகு. வியர்வையில் ஒட்டிய சட்டை, பிடரியில் மடிப்பு, ஒரு பக்கம் இறங்கிய தோள்.

"இது... நான்தானே?"

"வேற யாரு? நீங்க தூக்கிப் போட்ட உப்புத்தாளும் பாலிஷ் துணியும்தான் அவ்வளவும்."

"தோள் இறங்கியிருக்கே."

"இறங்கித்தான் இருக்கு. நீங்க கவனிக்கலைன்னா நானும் கவனிக்க மாட்டேனா? டாக்டர்கிட்ட போகலாம்னா சண்டைக்கு வருவீங்க."

பாலிஷ்காரர் மேஜைமேல் பளபளத்த தகட்டைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"நீ என்னைப் பார்க்கறதே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "உனக்கு உன் குப்பைதான் உசுருன்னு நினைச்சேன்." காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. "இதைக் குடுத்துடாதம்மா. இது ஒண்ணுதானே மிச்சம். வீட்டிலேயே இருக்கட்டும்."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்! கோபம் போன இடம் தெரியவில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது.

காகிதத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். மூலை இன்னமும் வெளிறித்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"முடியாதுங்க. இதையும் அலமாரியில போட்டுப் பூட்ட எனக்கு மனசில்லை. நாலு பேர் பார்க்கட்டும்."

இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினாள். அவர் உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி, இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிய படத்தை அவளிடமிருந்து வாங்கினார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

வண்டிக்காரர் அதை ஒற்றைக் கையால் வாங்கி மற்ற கட்டுகளின் மேல் போடப் போனார்.

"ஐயா, பார்த்து, பார்த்து!" பாலிஷ்காரர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள இருக்கிறது நான்."