கூப்பிடு தூரம்

ஏற்றத்தில் கியர் மாற்றும்போது செயின் கழன்றுவிட்டது. அவள் இறங்கி, சைக்கிளைப் பைன் மரம் ஒன்றில் சாய்த்து, செயினை விரலால் தூக்கிப் பல்சக்கரத்தில் ஏற்றி, பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிடித்துக்கொண்டது. கிரீஸ் பட்ட விரல்களைச் சருகில் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது பாதையில் யாரும் இல்லை. சரளைக்கல் பாதை வளைந்து மேலேறி மரங்களுக்குள் போயிற்று. மஞ்சள் சட்டையைக் காணோம்.

"என்னங்க!"

எங்கோ மரத்தைத் தட்டிக்கொண்டிருந்த பறவை தட்டுவதை நிறுத்தியது. வேறு பதில் வரவில்லை.

வீட்டில் பேசி வைத்திருந்த ஏற்பாடு, அவர் முன்னால், அவள் பின்னால். அவர் முதுகு எப்போதும் அவள் கண்ணில் பட வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் அவர் நின்றுவிட வேண்டும். அங்கேதான் நிற்பார், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, என்ன இவ்வளவு நேரம் என்பதுபோல் பார்ப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறி மிதித்தாள்.

அவர் டவுன் பஸ் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டினால் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று டெப்போவில் 'பைலட்' என்றே பட்டப்பெயர். போன மழைக்காலத்தில் ஒரு மதியம் டூட்டி முடிந்து கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தவர் தட்டோடு சரிந்தார். கை கால் வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பஸ் நிறைய ஆட்கள் என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நல்ல வேளை, நல்ல வேளை. அந்த நல்ல வேளையோடு லைசென்ஸும் போயிற்று. இப்போது டெப்போவின் பின்கட்டு அறையில், பயணிகள் விட்டுப்போன குடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறார்.

குளியலறைத் தாழ்ப்பாளை அவளே ஸ்குரூடிரைவரால் கழற்றி எடுத்தாள். அடுப்புப் பக்கம் அவரை விடுவதில்லை. அவர் கையிலிருந்து ஒரு ஸ்பூன் நழுவினால்கூட மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவாள். யாரும் எதுவும் சொல்வதில்லை. பார்ப்பார்கள், பிறகு குனிந்துகொள்வார்கள்.

மாத்திரை ஒத்துக்கொண்டு வலிப்பு பல மாதம் வராமலிருக்கவே, சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சம்மதித்தார். கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், கார் லாரி வராத வழியாக இருக்க வேண்டும். "வண்டியே வராத ரோடா? அப்படி ஒண்ணு இருந்தா என் சர்வீஸ்ல பாத்திருக்க மாட்டேனா டாக்டர்?" என்று சிரித்த மனிதர், அன்றைக்கே போனில் மேப்பைத் தேய்த்துத் தேய்த்து அப்படிப்பட்ட வழிகளைக் கண்டுபிடித்துவிட்டார். காட்டுக்குள் மரம் ஏற்றப் போட்ட சரளைப் பாதைகள், ஏரியைச் சுற்றிப் போகும் கரைகள். அகல டயர் வைத்த பழைய சைக்கிள் இரண்டு வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவள், முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு மறுபடி பழகினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பழைய குரலில் ரூட் சொல்வார்: "மரக்கிடங்கு, ஓடைப்பாலம், ஏரிக்கரை, ரிட்டர்ன்!" அந்தக் குரலுக்காகவே அவளும் கிளம்பிவிடுவாள்.

சம்மதம் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அவளை மட்டும் தனியாக நிறுத்தி டாக்டர் சொன்ன ஒன்று உண்டு. "தண்ணிகிட்ட மட்டும் ஜாக்கிரதைம்மா. மூழ்குறதுக்கு ஆழம் வேணும்னு இல்ல. முழங்கால் தண்ணி போதும்."

பாதை பிரிகிற இடத்தில் அவர் இல்லை.

ஒரு வழி மேலே காட்டுக்குள் ஏறியது. இன்னொன்று ஏரிக்கு இறங்கியது. போனில் சிக்னல் இல்லை. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மயிரிழைக் கீறலைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணால் இரண்டு பாதையிலும் தடம் தேடினாள். சரளை எதையும் சொல்லவில்லை. சக்கரம் அழுத்திய கற்கள் அப்படியே உருண்டு தம் இடத்துக்கு வந்துவிட்டிருந்தன. மனசு எப்போதும் கெட்டதைத்தானே முதலில் பிடிக்கும். இறக்கத்தில் விட்டாள். பிரேக்கைப் பிடிக்காமல் விட்டாள். சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளியது. பல் கிட்டித்தது.

கரை நெடுக நாணல். காற்றே இல்லை. ஏரி இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. அவள் பிரேக்கைப் பிடித்து நின்றாள்.

"என்னங்க! என்னங்கோ!"

நாயைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்த பெண் நின்றாள்.

"யாரத் தேடுறீங்க?"

"என் வீட்டுக்காரரு. மஞ்சள் சட்டை, சைக்கிள். இந்தப் பக்கம் வந்தாரா?"

"நான் மதகுலேருந்து வர்றேன். யாரும் வரலையே." அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்து நாயின் வாரை இழுத்துப் பிடித்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்களேன். 'என்னங்க'ன்னா யாருன்னு திரும்புவாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் எத்தனையோ தடவை எழுதிய பேர், ஒரு தடவைகூட வாயால் கூப்பிட்டதில்லை. "பாப்பாவோட அப்பா!" என்று கத்தினாள். அது அவள் காதுக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமலே, அடிவயிற்றிலிருந்து, "பைலட்!" என்றாள்.

ஏரி அதை வாங்கி எதிர்க்கரைக் காட்டில் ஒரு தரம் மோதி அனுப்பியது. அவ்வளவுதான்.

"நான் ரோட்டுப் பக்கம் போய் ஆளுங்ககிட்டச் சொல்றேன்" என்று அந்தப் பெண் வேகமாக நடந்தாள்.

அப்போதுதான் நாணலுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பாதி தண்ணீருக்குள், உப்பி, அசையாமல்.

சைக்கிளை எங்கே போட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. சேறு ஷூவைக் கவ்வியது. ஒரு கால் மாட்டிக்கொள்ள, குப்புற விழுந்து, எழுந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நாணலைப் பிளந்துகொண்டு போய் இரண்டு கையாலும் அதைப் பற்றி இழுத்தாள். படகு மூடுகிற பிளாஸ்டிக் உறை. கிழிந்த மூலையில் பாசி தொங்கியது. அதை விட மனசில்லாமல் கொஞ்ச நேரம் மார்போடு பிடித்துக்கொண்டே நின்றாள்.

பாதை பிரிகிற இடத்துக்குத் திரும்பி, மேல் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். இரண்டாவது வளைவில், வெட்டி அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் பக்கத்தில் இருந்தது. கையில் ஆரஞ்சுப் பழம், உரித்துப் பாதி தின்றது.

"செயின் மறுபடி கழண்டுச்சா?" என்றார். பிறகுதான் அவள் உடம்பைப் பார்த்தார். "என்ன இது, இப்படி நனைஞ்சிருக்க?"

அவள் சைக்கிளைக் கட்டையில் சாய்த்தாள். கிட்டே போய் அவர் கண்களைப் பார்த்தாள். முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "நாக்க நீட்டுங்க." நீட்டினார். கடிபட்ட அடையாளம் இல்லை. சட்டையில் மண் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அவள் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டினார். அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, "பைலட்னு கூப்பிட்ட பாரு, அதான் டாப்பு. டெப்போ மேனேஜரே வந்துட்டார்னு நெனச்சேன்" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் அந்தச் சுளையை வாங்கவில்லை.

"கேட்டுச்சா?"

அவர் கட்டையிலிருந்து மரப்பட்டையை நகத்தால் பெயர்த்தார்.

"என்னங்கன்னு கூப்பிட்டது?"

"கேட்டுச்சு."

"பாப்பாவோட அப்பான்னு?"

"எல்லாம் கேட்டுச்சு. தண்ணி மேல குரல் நல்லா ஏறுது."

"நான் தண்ணிக்குள்ள இறங்கிட்டேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நீங்கன்னு நெனச்சு ஒரு பிளாஸ்டிக்க இழுத்துக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. இறங்கி வந்து அவள் எதிரே குந்தினார். தொடப்போன கை பாதியில் நின்றது.

"வேணும்னு பண்ணல. திரும்பிப் பாத்தேன், நீ இல்ல. சரி, நிக்கலாம்னுதான் இங்க ஏறினேன். உக்காந்தேன். யாரும் என்னப் பாக்கல. நீ பாக்கல, பாப்பா பாக்கல, டெப்போல கண்ணாடி வழியா ஒருத்தன் எட்டிப் பாப்பானே, அவனும் இல்ல. நீ கூப்பிட்டப்ப வாயெடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு..." நிறுத்தினார். "தப்புதான். அத மறுக்கல. ஆனா நல்லா இருந்துச்சு."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளால் அவரை அடித்திருக்க முடியும். அதற்குத்தான் கை துடித்தது. அந்த வார்த்தை கையைக் கட்டிப் போட்டுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அவளிடம் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

எழுந்தாள். ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டினாள். சைக்கிளை ஏரிப் பக்கம் திருப்பினாள்.

"நான் முன்னாடி போறேன்."

"நீயா?"

"ஓடைப்பாலம் வரைக்கும். திரும்பிப் பாக்க மாட்டேன். எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வாங்க."

"கோவமா சொல்றியா, நெசமா சொல்றியா?"

"எனக்கே தெரியலங்க" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தாள்.

இறக்கத்தில் ஈரத் துணி தொடையில் ஒட்டிக் குளிர்ந்தது. எதிரே பாதை முழுசாகத் தெரிந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்த்ததெல்லாம் ஒரு மஞ்சள் முதுகைத்தான். மரங்கள் இவ்வளவு உயரமா? கரையில் இவ்வளவு வளைவுகளா? தன் சக்கரத்தின் கீழே கல் நொறுங்குகிற சத்தத்தில் பின்னால் எதுவும் கேட்கவில்லை. நின்றால் கேட்கும். நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. தாடையை இறுக்கி அதை நேராக வைத்துக்கொண்டாள்.

ஓடைப்பாலத்தின் மரப்பலகைகள் மேல் சக்கரம் தடதடத்து நின்றது. இறங்கி, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றினாள். ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் ஒரு நீர்க்காகம் மிதந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைக் கவிழ்த்து உள்ளே போயிற்று. வட்டங்கள் விரிந்து நாணல் வரைக்கும் போய், ஒவ்வொன்றாக அடங்கின. தண்ணீர் வழவழவென்று மூடிக்கொண்டது. அவள் கம்பியை விடாமல், அது எங்கே எழும்பும் என்று ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தபடி நின்றாள்.